வெறும் குழாய்

சிமெண்டை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் கூழுக்குள் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று எக்ஸ்ரே கதிரைச் சிதறவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. அதே ஆய்வகத்தில் அதே சிமெண்டைத் தனியாக அளப்பவள் அவளுடைய நாத்தனார். போன வாரம் நாத்தனாரின் அளவீட்டில் திரையில் விழுந்த கோணல்மாணலான வரைகோட்டைப் பார்த்து, “என்னக்கா, ஒட்டகம் மாதிரி இருக்கு?” என்று விழுந்து விழுந்து சிரித்தவள் இவள்தான்.

இன்று இவள் திரையில் வழவழவென்று ஒரே மேடு, அத்தனை அழகு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “வெறும் குழாய அளந்து கழிச்சியா?”

அவளுக்குத் திக்கென்றது. சிமெண்டை அடைத்திருக்கும் கண்ணாடிக் குழாயும் கதிரைச் சிதறடிக்கும். அதன் பங்கைக் கழித்தால்தான் சிமெண்டின் கோடு கிடைக்கும். அவசரத்தில் அதை மறந்தே போயிருந்தாள்.

“இதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்!” என்று சிடுசிடுத்துக்கொண்டே கழித்தாள்.

அழகெல்லாம் குழாயோடு போயிற்று. மிஞ்சிய கோட்டை உற்றுப் பார்த்தவள், நாத்தனாரின் கோட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். இம்மியும் பிசகவில்லை.

“அக்கா,” என்றாள் மெல்ல. “கொஞ்சம் வாங்களேன். சிமெண்டே ஒட்டகம் மாதிரிதான் இருக்கு.”