கேசட்டின் முதல் மூன்று நிமிடம்

பொதுக்கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வந்த சேரிப் பெண் மாடத்தியின் குடத்தை உடைத்து, மாடு குடிக்கும் தொட்டியைக் காட்டிய பெரிய மனிதர்களின் பெயர்கள் அந்த மனுவில் இருந்தன. அதனால் சங்கரன்கோவிலில் அதைத் தட்டச்சு செய்து தர ஒருவருக்கும் துணிவில்லை. கையால் எழுதிய மனுக்கள் இரண்டு, படிக்க முடியவில்லை என்று முன்பே திரும்பியிருந்தன.

ஆகவே தேவதாசன் பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டரின் முன் அமர்ந்தார். இருபது ஆண்டு மேடைகளை அதிரவைத்தவர். புற்றுநோய்க்குக் குரல்வளையைப் பறிகொடுத்தபின் சிலேட்டில் எழுதிப் பேசுகிறவர். அங்கே ஆசிரியையான அவர் மனைவி கிருபாபாய் அருகிலிருந்து உதவ, காலையிலிருந்து ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் அடித்தார். மாலை நான்கு மணிக்கு விசாரணை அதிகாரி மனு வாங்குவார். மூன்று மணிக்கோ மின்சாரம் நின்றுவிடும். நின்றால் அடித்தது அத்தனையும் மறைந்துவிடும்; அந்தக் கம்ப்யூட்டர் எதையும் ஒலியாக்கி டேப் ரிக்கார்டர் கேசட்டில்தான் சேமிக்கும்.

ராஜபாளையத்திலிருந்து பிரிண்டரோடு வரவேண்டிய மெக்கானிக் பெத்துராஜ் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு நாற்பத்தைந்து. கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"டீச்சர், இருக்கது ஒரே ஓட்டை. அதுல ஒங்க டேப் ரிக்கார்டர் வயரு உக்காந்திருக்கு."

"உருவிட்டுச் சொருக வேண்டியதுதானே தம்பி?"

"சொருகையில மிஷின் மயங்கிட்டுன்னா அண்ணாச்சி அடிச்சது அம்புட்டும் போயிரும். மொதல்ல கேசட்டுல ஏத்தி வச்சுக்கிடுவோம். வெறுங் கேசட்டு இருக்கா?"

இல்லை. கடைத்தெருவுக்குப் போய்வர நேரமும் இல்லை. டேப் ரிக்கார்டருக்குள் இருந்த ஒரே கேசட்டின் இரு பக்கமும், வாசுதேவநல்லூரில் தீண்டாமையை எதிர்த்துத் தேவதாசன் பேசிய பேச்சு. அவர் குரலில் உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றே. தொடக்கத்திலேயே மேடையிலிருந்து திரும்பி, "ஏட்டி கிருபா, ஒரு மடக்குத் தண்ணி தா" என்பார், கூட்டம் சிரிக்கும். மதிய இடைவேளைதோறும் கிருபாபாய் அதை மட்டும் கேட்டுவிட்டு, மீண்டும் தொடக்கத்துக்கே சுற்றி வைப்பாள்.

தேவதாசன் சிலேட்டில் எழுதினார்: "அதக் கேட்டு எவன் திருந்தினான்? ஏத்து."

"நாங் கேக்கேனே, தெனமும்" என்றாள் கிருபாபாய்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

மூன்று நிமிடத்தில் மனு ஏறிற்று. பெத்துராஜ் ஒரு வயரை உருவி மற்றதைச் சொருகினான். கம்ப்யூட்டர் மயங்கவில்லை, ஓர் எழுத்தும் போகவில்லை. பிரிண்டர் கடகடவென்று நான்கு பக்கத்தையும் துப்பியது.

"பாத்தீயளா டீச்சர், ஒண்ணும் ஆகல! கேசட்டே தேவைப்படல" என்று சிரித்தான், ஒன்றும் அறியாதவன்.

நான்கு மணிக்கு அதிகாரி மனுவை வாங்கிப் படித்தார். வெள்ளிக்கிழமை கிணற்றைப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் கிருபாபாய் கேசட்டை ஓடவிட்டாள். மூன்று நிமிடம் கீச்சென்ற இயந்திர ஓலம். பிறகு பாதிச் சொல்லிலிருந்து அவர் குரல் முழங்கியது, கடைசிவரை, அணுவளவும் குறையாமல். நடுவில் எங்காவது ஏற்றியிருக்கலாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"தண்ணி கேட்டீயளே, அது மட்டும் போச்சு" என்றாள்.

தேவதாசன் சிலேட்டை எடுத்து, அது நிறையும்படி பெரிய எழுத்தில் நிதானமாக எழுதிக் காட்டினார்: "ஏட்டி கிருபா, ஒரு மடக்குத் தண்ணி தா."

அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவர் குடித்தார். பிறகு ஏதோ சொல்ல விரும்பினார், சிலேட்டில் இடமில்லை. ஈரத்துணியை எடுத்து, எழுதியதைத் துடைத்தார்.