சூசைராஜின் மூக்கு

செபாஸ்தியம்மாள் வேண்டுமென்றேதான் அந்த அழுகல் முட்டையை அடுப்படியில் உடைத்தாள். உடைத்த மாத்திரத்தில் குடலைப் பிடுங்கும் நாற்றம். பக்கத்து வீட்டு சிவனம்மாள், "ஏடி, எலி எதுவும் செத்துக் கெடக்கா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். செபாஸ்தியம்மாள் முகத்தில் ஒரு சுளிப்பும் காட்டவில்லை. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அவள் புருசன் சூசைராஜ், "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வையி" என்றான்.

அவனுக்கு வாசமே தெரிவதில்லை என்று அவளுக்கு ஒரு மாதமாக இருந்த சந்தேகம் இன்றைக்கு உறுதியாகிவிட்டது.

மூக்குப் போனால் போகட்டும், கஞ்சி இறங்கினால் சரி என்று விட்டுவிட முடியுமா? பேகம்பூரைத் தாண்டியிருந்த தோல் பதனிடும் ஷாப்பில் சூசைராஜுக்குப் பேரே அந்த மூக்கினால்தான். தோலில் முடி உதிர்வதற்காகச் சுண்ணாம்போடு ஒரு மருந்து போடுவார்கள். அந்தத் தண்ணீரும், ஆவாரம்பட்டை ஊறிப் புளித்த தண்ணீரும் ஓடிவந்து ஒரே கசடுக் குழியில் விழும். இரண்டும் கலந்தால் அழுகல் முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்பும். ஆளைக் கொல்லும் வாயு. வருசத்துக்கு ஒரு தடவை மூடுகல்லைப் புரட்டி, வாயு போகக் காத்திருந்து, ஆள் இறங்கிக் கசடு அள்ளவேண்டும். எப்போது இறங்கலாம் என்று மோந்து சொல்வது சூசைராஜ். சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்குவதும் அவன்தான். பன்னிரண்டு வருசமாக ஒரு உயிர் போனதில்லை. அந்தப் பெருமை அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"முட்டை அழுகினது தெரியலையா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியாம என்ன? நீ மனசு நோவியேன்னு பேசாம இருந்தேன்."

வந்த ஆத்திரத்துக்கு முட்டையை அவன் தலையிலேயே கொட்டியிருப்பாள். "பொய்யி! உங்களுக்கு மூக்கு செத்துப்போச்சு. நாளைக்குக் குழியில எறங்க வேணாம்."

"ஏ புள்ள, வாயக் கழுவு. எறங்கப் போற நேரத்துல அபசகுனமாப் பேசாத."

அதோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவள் விடாமல் நாச்சிமுத்து மேஸ்திரியிடம் ஓடினாள். புருசனுக்கு மூக்கில்லை என்று எப்படிச் சொல்வது? "அந்தக் குழியப் பாத்தாலே பயமா இருக்கு மேஸ்திரி" என்று இழுத்தாள். அவர் சிரித்தார். "லாந்தரை எறக்கிப் பாக்குறோம்ல? வெளக்கு எரிஞ்சா மனுசனும் இருப்பான். அதுக்கு மேல உம் புருசன் மூக்கு இருக்கு. போத்தா, போய் வேலையப் பாரு." யாரிடம் போய் முட்டிக்கொள்வது? அன்று முழுக்கக் கையில் எடுத்ததையெல்லாம் டமார் டமார் என்று வைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாலு பேர் கம்பி போட்டு நெம்பி மூடுகல்லைப் புரட்டினார்கள். தூரத்துப் பட்டைக் கொட்டகையில் செபாஸ்தியம்மாளும் சிவனம்மாளும் பட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். செத்த நேரத்தில் அங்கேயும் நாற்றம் வந்துவிட்டது. சிவனம்மாள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓங்கரித்தாள். செபாஸ்தியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழியை நோக்கி நடந்தாள்.

கிட்டே போகப் போக நாற்றம் முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. லாந்தரைக் கயிற்றில் இறக்கியிருந்தார்கள். அது அடியில் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. வேடசந்தூர்ப் பக்கமிருந்து புதிதாக வேலைக்கு வந்த சுருளிவேல் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு விளிம்பில் நின்றான். சூசைராஜ் குனிந்து மோந்துகொண்டிருந்தான். ஆனால் அவன் கண் குழியில் இல்லை, சுருளிவேலின் முகத்தில் இருந்தது. அடப்பாவி மனுசா, உனக்கே தெரியுமா!

சுருளிவேல் துண்டை எடுத்தான். "நாத்தம் சுத்தமாப் போயிருச்சுண்ணே. தலைதான் கிண்ணுங்குது."

"ஆமா, போயிருச்சு" என்றான் சூசைராஜ். "ஏணியப் போடுங்கலே."

அவளும் இழுத்துப் பார்த்தாள். நிஜமாகவே நாற்றம் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டகையிலிருந்து சிவனம்மாள் கத்தினாள்: "நாத்தம் தாங்கலையே, அதை மூடித் தொலைங்களேன்!"

அம்புட்டுத் தூரத்தில் நாறுகிறது. குழி வாயில் நாறவில்லையா? போனது நாற்றமில்லை. நின்றவர்களின் மூக்குதான் போய்விட்டது.

"எறங்காதீங்க!" என்று அலறிக்கொண்டு ஏணியைப் பிடித்தாள். சூசைராஜ் பல்லைக் கடித்தான். "மானத்த வாங்காத, தள்ளு." ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான்.

அவள் வாங்கித்தான் விட்டாள். "இவருக்கு மூக்கு இல்ல! அழுகுன முட்டைகூடத் தெரியாது! இந்தச் சுருளி மூஞ்சியப் பாத்துத்தான் சொல்றாரு! எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போய் மோந்து பாருங்கய்யா!"

ஒருவரும் நகரவில்லை. எல்லாரும் சூசைராஜைப் பார்த்தார்கள். அவன் முகம் செத்துப்போயிற்று. மெதுவாகக் காலை எடுத்தான். யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

அவள் கழுத்திலிருந்த, மாதா உருவம் பதித்த வெள்ளிச் சுரூபத்தைக் கழற்றி லாந்தர்க் கயிற்றில் கட்டி இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காகப் புளி போட்டுத் துலக்கியது. அழுகல் முட்டை பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். செபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் செபம் சொல்லும் நேரம் விட்டு இழுத்தாள். லாந்தர் எரிந்துகொண்டே வந்தது. சுரூபத்தில் மாதா முகம் தெரியாமல் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

மேஸ்திரி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளி கறுத்தா மனுசன் செத்துருவானா? என்ன பேச்சுத்தா இது!"

ஆனாலும் சூசை சொல்லாமல் இறங்க யாரும் துணியவில்லை. வாளி கட்டி, மேலிருந்தே மூன்று நாள் கசடு அள்ளினார்கள். கை காய்த்தவர்களெல்லாம் அவளைத் திட்டினார்கள். "ஒண்ணுமில்லாததுக்கு ஊரக் கூட்டிட்டா" என்று சிவனம்மாளே சொன்னாள். நடக்காத சாவுக்கு அவள் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள்? சூசைராஜைப் பெண்களோடு உட்கார்ந்து பட்டை இடிக்கும்படி மேஸ்திரி சொல்லிவிட்டார். போகிறவன் வருகிறவனெல்லாம், "என்ன சூசை, பட்டை மணக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நாலு நாள் அவன் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கருவாட்டுக் குழம்பை அவன் முன்னால் தள்ளினாள். அவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு வருசமா ஒன் மூஞ்சியப் பாத்துத்தான் சாப்டுறேன்" என்றான் திடீரென்று. "நீ சுளிச்சா கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுக்கிருவேன். அன்னைக்கு முட்டைய ஒடைச்சுப்புட்டு நீ சுளிக்கவே இல்லையே, பாவி."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மூஞ்சியப் பாக்காதீங்க. வாயத் தொறந்து கேளுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்:

"கருவாடு நல்லாருக்கா, செபாஸ்தி?"

"நல்லாருக்கு. சாப்டுங்க" என்றாள்.