வெள்ளைக் கோட்டுகளின் சாட்சி

பல் டாக்டர்களை ஓரிடத்தில் சேர்ப்பது தராசில் தவளைகளை நிறுக்கிற வேலை. காப்பீட்டு நிறுவனங்களை வாய் வலிக்கத் திட்டுவார்கள். கூட்டத்துக்கு வா என்றால் மட்டும் அன்றைக்கென்று பார்த்து நோயாளிகள் வரிசை கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களை டாக்டர் வெர்லின் ஓபெர்க் ஒரே ஒரு புகைப்படத்தைக் காட்டித் திரட்டினார். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து மேற்கு மாவட்டங்களில் அவர் போகாத ஊரில்லை. பிப்ரவரிப் பனிக்காற்றில், தலைநகர் டொபீகாவில் சட்டமன்றப் படிகள் நிறைய வெள்ளைக் கோட்டுகள் நின்றன.

படத்தில் இருந்தவள் ட்வைலா ஸ்டக்கி. மாட்டிறைச்சி ஆலையில் கத்தி பிடிக்கிறவள், ஓபெர்க்கின் நோயாளி. கீழ்க்கடைவாயில் சீழ் பிடித்தபோது வேர் சிகிச்சைக்கு அனுமதி கேட்டு அவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினார். காகிதம் திரும்பி வந்தது; மறுபடி எழுதினார். பல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பிடுங்கிவிடலாம் என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. அனுமதி வருவதற்குள் சீழ் எலும்புக்குப் போய்விட்டது. தாடையில் பாதியை அறுத்து எடுத்தார்கள். அதற்கு மருத்துவக் காப்பீடு பணம் கொடுத்தது. அங்கே புதுப் பல் வைக்கக் கேட்டால், அது பல் காப்பீட்டின் பாடு என்றது; பல் காப்பீடு, அதெல்லாம் அழகு சமாச்சாரம் என்றது.

அன்றிலிருந்து அவள் முகத்தில் பாதியைக் கழுத்துத் துணியால் மூடிக்கொண்டாள். தேவாலயத்திலும் அவிழ்ப்பதில்லை. ஆட்களுக்கு முன்னால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இப்படிப்பட்டவர்களுக்குப் பல் வைக்கக் காப்பீடு பணம் தரவேண்டும் என்று ஒரு சட்டம் கேட்டுப் பல் டாக்டர்கள் சங்கம் போராடியது. அது வந்தால் தனக்குப் பல் கிடைக்கும் என்று நம்பித்தான் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர் ஓபெர்க்.

விசாரணை நாள் காலையில் சங்கத்தின் வக்கீல் ஜோலீன் அவரைத் தூணோரம் இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். ட்வைலா வேலை பார்க்கும் ஆலை நாலைந்து மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனி. தொழிலாளிகளின் சிகிச்சைக்கு அது தன் பையிலிருந்தே பணம் கொடுக்கிறது. காப்பீட்டு நிறுவனம் வெறும் கணக்குப்பிள்ளை. அப்படிப்பட்ட கம்பெனிகள் மத்திய அரசின் சட்டத்துக்குள் வருபவை; மாநிலச் சட்டம் தொடமுடியாது. ஒவ்வொரு பல் டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி இது. ஓபெர்க் அதைப் பார்க்கவே இல்லை. ட்வைலாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

“அவகிட்ட சொல்லிடலாமா?” என்றார்.

“சாட்சி முடியட்டும் டாக்டர். இப்ப சொன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவாங்க. வெளிய நிக்கிற இத்தனை பேரும் அவங்களுக்காகத்தான் வந்திருக்காங்க.”

அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மன்னிப்பே கிடையாது என்று பின்னால் அவருக்கே தெரிந்தது.

எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கு யார் பல் பார்க்கிறாரோ அவரே போய்ப் பேசவேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். காப்பீட்டுக் குழுவின் தலைவர் செனட்டர் கிரேபிலின் வாய் ஓபெர்க்குக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி நாற்காலியில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் மனிதர், இங்கே உயர்ந்த மேசைக்குப் பின்னால் நிதானமாகச் சாய்ந்திருந்தார். வழக்கமாக மற்றவர்கள் வாயைத் திறந்திருக்க டாக்டர்கள் பேசுவார்கள். இன்று டாக்டர்கள் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள்.

ட்வைலா ஒலிபெருக்கி முன் உட்கார்ந்தாள். எதிர்பாராமல் துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். யாரும் அவளை அவிழ்க்கச் சொல்லவில்லை. மெதுவாக, எச்சிலை உறிஞ்சி உறிஞ்சிப் பேசினாள். பேரப்பிள்ளை தன்னை முத்தமிடப் பயப்படுவதைச் சொன்னாள். ரொட்டியைப் பாலில் கரைத்துக் குடிப்பதைச் சொன்னாள். குழுவில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிரேபில் தொண்டையைச் செருமினார். “ரொம்ப வருத்தமா இருக்கும்மா. எந்தக் கம்பெனியில வேலை பாக்குறீங்க?”

சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓபெர்க்கை ஒரு பார்வை பார்த்தார். “அப்படின்னா இந்தச் சட்டம் உங்களுக்குச் செல்லாதேம்மா. உங்க கம்பெனியை நாங்க தொடமுடியாது. இதை யாரும் உங்ககிட்ட சொல்லலையா?”

ட்வைலா திரும்பினாள். அவள் பார்த்தது செனட்டரை அல்ல. ஓபெர்க் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் குழுவைத் தாண்டியது. தாழ்வாரத்தில் வெள்ளைக் கோட்டுகள் கைதட்டின, ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டன. ட்வைலாவை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். துணியைக் கட்டிக்கொள்ள அவளுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

ட்வைலாவைக் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் நெடுஞ்சாலைக் கடையில் ஓபெர்க் சில்லி என்கிற, பீன்ஸ் போட்ட இறைச்சிக் குழம்பு வாங்கினார். கூடவே இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் வந்தது. அந்தக் கடையில் ஒன்றில்லாமல் மற்றது தரமாட்டார்கள். காரிலேயே சாப்பிடலாம் என்று அவள் பக்கம் நீட்டினார். அவள் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. ரொட்டி வாசனை கார் முழுக்க நிறைந்தது.

கோதுமை வயல்களில் பனி கிடந்தது. அவளுடைய வீட்டு வாசலில் வண்டி நின்றபிறகுதான் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியுமா டாக்டர்?”

“காலையிலதான் தெரிஞ்சுது.”

“நான் உள்ள போறதுக்கு முன்னாடியா?”

“ஆமா.”

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே தன் வீட்டைப் பார்த்தாள். “சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். எனக்கு இல்லேன்னா அடுத்தவளுக்காவது ஆகட்டும்னு துணியையும் அவுத்திருப்பேன். அது நான் குடுத்ததா இருந்திருக்கும். இப்ப நீங்க எடுத்துக்கிட்டதாப் போச்சு.”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், வேறு வார்த்தை வந்து விழுந்தது. மிச்சமிருக்கிற பற்களைப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வரவேண்டும் என்றார். சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“வருவேன்,” என்றாள் ட்வைலா. “இந்தச் சுத்துவட்டாரத்துல உங்களை விட்டா யாரு இருக்கா? வந்து வாயைத் திறப்பேன். உங்ககிட்ட பேசமாட்டேன்.”

துணியை இறுக்கக் கட்டிக்கொண்டு இறங்கினாள். சில்லியும் ரொட்டியும் இருக்கையிலேயே இருந்தன.