ஒரு வேளையும் விடாமல்

அப்பாவின் ஒரு கன்னத்தை மழித்து முடித்து, மறு கன்னத்தில் நுரையைத் தடவியதும் சித்தப்பா ரேசரை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"இதோ வந்துடறேன்மா. பிடிச்சுக்கோ."

அவள் ஒரு கையில் ரேசரும் மறு கையில் தண்ணீர்க் கிண்ணமுமாகக் கட்டிலருகே நின்றாள். அப்பாவின் தலைக்குக் கீழே துண்டை நாலாக மடித்து வைத்திருந்தார்கள். பாதி முகம் பளிச்சென்று, எங்கோ கிளம்பத் தயாரானவர் மாதிரி இருந்தது. மீதிப் பாதியில் நுரை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

குளியலறை அந்த அறையை ஒட்டித்தான். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது, முழு வேகத்தில், காலி வாளிக்குள். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வெகுநேரம். நடுவில் ஒரு இருமல். பிறகு குழாயைக் கொஞ்சம் குறைத்து, எதற்கோ காத்திருந்து, மறுபடியும் திறந்துவிடும் சத்தம்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். இந்தச் சத்தம் இந்த வரிசையில் அவளுக்கு மனப்பாடம். குழாய், நிசப்தம், இருமல், குறைப்பது, திறப்பது. இரண்டு வருஷமாக இந்த வீட்டில் இதைக் கேட்காத நாள் கிடையாது. வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று ஒரு காரணம். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் தனக்கும் வருமென்று இன்னொரு காரணம். இரண்டையும் அப்பா யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீர் சூடாகட்டும் என்று திறந்துவிட்டதாகச் சொல்வார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"துண்டு கொடியில கிடக்கு, எடுத்துக்கோங்க."

அதன்பின் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம்.

சித்தப்பா கையை வேட்டியில் துடைத்தபடி வந்தார். "குழாய்ல வாஷர் தேஞ்சிருக்கு போல. திருகத் திருக மூட மாட்டேங்குது" என்றார். கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளைப் படலமாகிவிட்டிருந்தது. மறுபடியும் நனைத்து, மறுபடியும் தடவி, அண்ணனின் காதருகே குனிந்து, "காக்க வெச்சுட்டேண்ணே" என்றார்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். வீட்டின் முன்பக்கம்தான் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி, அலமாரிக்குக் கண்ணாடி, ஆளுயர நிலைக்கண்ணாடி, எல்லாம் அளந்து வெட்டிக் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பார்கள். தெருவில் அப்பா பெரிய கண்ணாடி, சித்தப்பா சின்னக் கண்ணாடி. இரண்டு பேரும் மூக்குக்கண்ணாடி போடாதவர்கள் என்பதால் இந்தப் பெயரை முதன்முதலில் கேட்பவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள்.

வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தன. அவள் காபி கொண்டுபோனபோது அடுத்த தெருவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டிரைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்கு அலமாரிக்கு அளவெடுக்க வந்தார். கூடத்துலதான் அலமாரி. அவர் நேரா பாத்ரூம் ஜன்னலை அளக்கணும்னு போயிட்டார். அண்ணே, அது உடையலையேன்னேன். இருக்கட்டும், ஒரு கணக்குக்குன்னார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல பாத்ரூம் ஜன்னல்தான். இந்த ஊர்ல எந்த வீட்டு பாத்ரூம் ஜன்னல் எத்தனை அடின்னு பெரிய கண்ணாடியைக் கேட்டா போதும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். செத்த வீட்டில் சிரிக்கிற சிரிப்பு, உதட்டுக்கு வெளியே வராமல். அவளும் சிரித்துவிட்டாள். உள்ளே திரும்பி நடக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. முன்பின் தெரியாத வீட்டில் பாத்ரூம் போகணும் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத மனிதர், கையில் டேப்போடு அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறார். எத்தனை வீட்டில். எத்தனை நாள்.

சமையலறையில் அம்மா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவியவை.

"கதவைச் சாத்து" என்றாள். "உங்க சித்தப்பா உன்கிட்ட கேட்பார். என்கிட்ட ரெண்டு தடவை கேக்க வந்துட்டு, கேக்காம போயிட்டார்."

"என்ன கேட்பார்?"

"அந்த மாத்திரையைத்தான்."

பச்சை மாத்திரை. மூலிகை. பூசணி விதையும் ஏதோ வேரும் பட்டையும் என்று டப்பா மேல் போட்டிருக்கும். மூடியைத் திறந்தால் மழையில் நனைந்த மரக்கட்டை வாசனை வரும். முதலில் இந்தத் தொந்தரவு வந்தது சித்தப்பாவுக்குத்தான். யாரோ ஒரு வாடிக்கையாளர் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார், கேட்டது. தனக்குக் கேட்ட மருந்து அண்ணனுக்குக் கேட்காமல் போய்விடுமா என்று அவரே வாங்கிவர ஆரம்பித்தார். அப்பாவுக்கும் முதலில் கேட்கத்தான் செய்தது. இரவில் எழுவது குறைந்தது. முகம் தெளிந்தது. இடுப்பு வலி வந்தபோது கண்ணாடி தூக்குகிற இடுப்பு வலிக்காதா என்றார். ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்று அம்மா சொன்ன ஒவ்வொரு முறையும், "அதுக்குத்தான் மாத்திரை சாப்பிடறேனே" என்றார். கடைசியில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனபோது புராஸ்டேட்டில் தொடங்கிய புற்று எலும்புக்குப் போய்விட்டிருந்தது. டாக்டர் தணிந்த குரலில் கேட்டார், இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க என்று.

"ஒழுங்கா சாப்பிடலன்னு சொல்லிடு" என்றாள் அம்மா. "மறந்துட்டார், விட்டுட்டார், என்ன வேணா சொல்லு."

"ஒரு வேளைகூட விடலையேம்மா அவர்."

"எனக்குத் தெரியாதா? எடுத்துக் கொடுத்தவ நான்." அம்மா தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "போனவர் மேல பழி போட்டா அவருக்கு ஒண்ணும் ஆயிடப் போறதில்ல. இருக்கிறவர் தூங்கணும்."

வண்டி வருவதற்கு முன் கடையை ஒதுக்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து தெருவுக்கு வேறு வழி கிடையாது, கடை வழியாகத்தான் அப்பாவைத் தூக்கிப்போக வேண்டும். இரண்டு பக்கமும் சாய்த்து வைத்த கண்ணாடிகளுக்கு நடுவே ஒருவர் நடக்கத்தான் இடம் இருந்தது. ஆண்கள் உதவிக்கு வந்தார்கள். சித்தப்பா வேண்டாமென்றுவிட்டார். "தூக்கத் தெரியாதவங்க தூக்கினா இன்னொரு விபரீதம் ஆயிடும். இவ தூக்குவா. சின்ன வயசுலேர்ந்து பழக்கம்."

ஆளுக்கொரு முனையில் நின்றார்கள். பெரிய கண்ணாடியை இருவர் தூக்கும்போது முகம் பார்த்துத்தான் தூக்க வேண்டும். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. பாதித் தூரத்தில் சித்தப்பா நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்மா."

கண்ணாடியின் ஓரம் அவள் உள்ளங்கையில் சுற்றியிருந்த துணியை அழுத்தியது.

"அண்ணன் மாத்திரையை ஒழுங்கா எடுத்துக்கிட்டாரா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே விரல்கள், அப்பாவுடையவை. நகத்தோரம் அதே வெட்டுத் தழும்புகள்.

"இல்ல சித்தப்பா" என்றாள். "பாதி நாள் மறந்துடுவார். ரெண்டு நாள் போடுவார், நாலு நாள் விடுவார்."

அவர் மூச்சை விட்டார். தோள் இறங்கியது. கண்ணாடி லேசாக அதிர்ந்து அடங்கியதை அவளும் உணர்ந்தாள்.

"நினைச்சேன்" என்றார். "நினைச்சேன் நான். விட்டு விட்டு சாப்பிட்டா எப்படிக் கேட்கும்? தலைபாடா அடிச்சுக்கிட்டேன் அவர்கிட்ட. எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையை ஆட்டிட்டு, அவர் இஷ்டத்துக்குத்தான் செய்வார். நட, நட, மெதுவா."

கண்ணாடியைச் சுவரோடு சாய்த்தார்கள். சித்தப்பா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து காணாத ஒரு தெளிவு அவர் முகத்தில் வந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். பச்சை மாத்திரை இரண்டை உள்ளங்கையில் தட்டி, தண்ணீரில்லாமலே விழுங்கினார்.

"இந்தக் களேபரத்துல நானே மறக்கப் பார்த்தேன். நான் விடறதில்லம்மா. ஒரு வேளைகூட விட்டதில்ல. அதான் எனக்குக் கட்டுக்குள்ள நிக்குது."

விழுங்கியது இறங்க அவர் கழுத்தை உயர்த்தினார். நரம்பு புடைத்த, நடுவில் சின்னக் குழி விழுந்த கழுத்து. அதைத்தான் அவள் சற்று முன் நனைந்த துணியால் துடைத்திருந்தாள். உள் அறையில் இருப்பவருடையதை.

அம்மா சொன்னபடி ஆகிவிட்டது. இன்றிரவு இவர் தூங்குவார். இதோடு விட்டுவிடலாம்.

"சித்தப்பா, நான் சொன்னது பொய்."

டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்பா ஒரு வேளையும் விடல. தம்பி வாங்கித் தந்ததுன்னு சொல்லிச் சொல்லித்தான் சாப்பிட்டார். கட்டில்ல படுத்த அப்புறமும் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டார்."

"அப்ப எதுக்கு முதல்ல அப்படிச் சொன்னே?"

"அம்மா சொல்லச் சொன்னாங்க."

தெருவில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"மாத்திரை அவரை ஒண்ணும் பண்ணல. அது இருக்கேன்னு டாக்டர்கிட்ட போகாம இருந்துட்டார். முதல்ல கேட்டுச்சு இல்ல, அந்த நம்பிக்கையிலேயே இருந்துட்டார்." அவள் நிறுத்தினாள். இந்தக் குடும்பத்தில் ஆண்களுக்கு இடுப்பு வலி வரும், தலை சுற்றும், ரத்தக் கொதிப்புகூட வரும். இதற்கு மட்டும் பெயர் கிடையாது. "உங்களுக்கு ஒண்ணுக்குச் சரியாப் போகல சித்தப்பா. குழாயைத் திறந்து விட்டுட்டு நிக்கறீங்க. நான் வெளியில நின்னு கேட்டுட்டிருந்தேன். அப்பாவும் இப்படித்தான் நின்னார்."

சித்தப்பா அவளைப் பார்த்தார். கோபம் வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வரவில்லை. அவர் முகம் மழிக்கப்பட்ட முகம் மாதிரி வெறுமையாக இருந்தது.

"வீட்டுப் பொண்ணு பேசற பேச்சா இது" என்றார். அவளிடம் சொன்ன மாதிரியே இல்லை. "இன்னிக்குத்தான் பேசணுமா உனக்கு. அவர் இன்னும் உள்ள இருக்கார்."

"நாளைக்கு நீங்க கேக்க மாட்டீங்க."

அவர் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த கண்ணாடியின் ஓரத்தில் போய் நின்றார்.

"அந்தப் பக்கம் பிடி."

மீதி எல்லாவற்றையும் பேசாமலே தூக்கி வைத்தார்கள். வழி உண்டாயிற்று. வண்டி வந்தபோது தலைமாட்டை சித்தப்பாதான் பிடித்தார். கடைக்குள் திரும்பும் இடத்தில் மட்டும், "மெதுவா, இடிச்சுடாதீங்க" என்றார், வெட்டிய கண்ணாடியை எடுத்துப் போகும்போது சொல்கிற அதே குரலில்.

சுடுகாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய பின் சித்தப்பா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். சித்தி அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தபடி பின்னால் போனாள்.

"என்ன சொன்னே அவர்கிட்ட?" என்றாள் அம்மா.

"உள்ளதைச் சொன்னேன்."

அம்மா அவளைத் திட்டவில்லை. அப்பாவின் கட்டிலில் விரிப்பை உருவி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "காலையில அவர் குழாயைத் திறந்தப்ப உங்கப்பாதான் உள்ள போயிருக்கார்னு நினைச்சுட்டேன்" என்றாள். "துண்டு வேற எடுத்துக்கச் சொன்னேன்."

"கேட்டுச்சும்மா."

கொஞ்ச நாளில் கடை திறந்தது. சித்தப்பா வருவார், அளப்பார், வெட்டுவார். முன்பெல்லாம் நினைத்த நேரத்தில் வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்து, அம்மாவிடம் வம்பளந்துவிட்டுப் போகிறவர், இப்போது கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவைத் தாண்டவில்லை. அம்மாவிடம் வாசற்படியில் நின்று பேசினார். அவள் எதிரே வந்தால் டேப்பைப் பார்ப்பார், பென்சிலைத் தேடுவார். சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்கோ நடந்து போய் வருவார். எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியும். நாலு தெரு தள்ளிப் பொதுக் கழிப்பறை இருக்கிறது.

வீடு சத்தமில்லாமல் போய்விட்டது. அவள் வாளியை நிரப்பக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் பாதியில் கை தானாகக் குறைத்தது, இருமலுக்குக் காத்திருப்பது போல. ஒருமுறை அம்மா வந்து, "அப்படிச் செய்யாதே" என்றாள். அதன்பிறகு அவள் குழாயை முழுவதுமாகத் திறந்தாள், அல்லது திறக்காமல் இருந்தாள். சித்தப்பா அதே மாத்திரையைச் சாப்பிடுகிறாரா என்று கடைப் பக்கம் பார்ப்பாள். சட்டைப் பை புடைத்திருக்கும். அது பென்சிலாகவும் இருக்கலாம்.

ஒரு நாள் காலை வேலைக்குப் போகையில் பஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்னால் நெரிசலில் நின்றுவிட்டது. மதிலோரம், சித்தப்பா கண்ணாடி ஏற்றிப் போகும் கடை வண்டி நின்றிருந்தது. ஓட்டும் இடத்தில் யாரும் இல்லை. பக்கவாட்டுச் சட்டத்தில் புதிதாக வெட்டிய ஆளுயரக் கண்ணாடி ஒன்று சாய்த்துக் கட்டப்பட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எத்தனையோ ஜன்னல்கள். கண்ணாடி உடைந்து சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தாள். பிறகு கயிற்றைப் பார்த்தாள். கண்ணாடி இறக்க வந்தவர் வண்டியை நிறுத்தியதும் முதலில் கயிற்றைத்தான் அவிழ்ப்பார். மேல் முடிச்சும் கீழ் முடிச்சும் கட்டியபடியே இறுக்கமாக இருந்தன.

அவள் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வெளியே வந்த ஓர் ஆள் அந்தக் கண்ணாடி முன் நின்றார். கையிலிருந்த மருந்துப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்து, தலையை ஒரு தரம் கோதிவிட்டு நடந்தார். பஸ் நகர்ந்தது.