நீலம் பூசிய தகடு

பச்சை கவுன், முத்துமாலை, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்த பிறகுதான், சவ அடக்க நிலையம் நடத்தும் ட்ரூடி அம்மாள் நகத்தைப் பற்றிக் கேட்டாள்.

"உங்கம்மா எப்பவும் என்ன கலர் பூசுவாங்க கண்ணு? இங்க இருக்கறதையே பூசிடலாம். ஆனா வீட்டு பாட்டில்னா மனசுக்கு ஒரு நிறைவு."

டார்சி விழித்தாள். ரேஸ் காரில் மணிக்கு இருநூற்றெழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எந்த டயரில் காற்று ஒரு இம்மி குறைந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறவள். இருபத்திரண்டு வருடம் பார்த்த கையின் நகம் என்ன நிறம் என்று சொல்ல வரவில்லை.

"ஏதோ ரோஸ்," என்றாள். "போய் எடுத்துட்டு வரேன்."

"அப்படியே அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். அஞ்சு பேர எழுதிட்டு, ஆறாவதா தன் பேரை எழுதியிருக்கார். புருஷன் தூக்கறது நம்ம பக்கம் வழக்கமில்ல."

அந்தத் தாளை டார்சி பார்த்தாள். பெட்டியைப் படமாகப் போட்டு, இடது முன், வலது முன், இடது பின் என்று எழுதியிருந்தார். காரானாலும் சவப்பெட்டியானாலும் அவருக்கு நாலு மூலைதான். இடது முன்னால் 'ராய்ஸ்' என்று தன் பெயர். அந்த இடத்துக்கு உரியவர் ஒருவர் இருந்தார். ஏழு மைல் தள்ளி, இதே லெனோர் ஊரில், புல்வெட்டும் எந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரை டார்சி வீட்டில் சொல்லிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

வீட்டு வாசலில் அண்டை அயலார் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரங்கள் வரிசையாக நின்றன. டார்சியின் ரேஸ் குழுவினர் அனுப்பிய பூங்கொத்தும் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் தேசியப் பந்தயம். அம்மா அதற்காக வாங்கிய புதுத் தொப்பி, விலைச்சீட்டுகூட கிழிக்காமல் கதவுக்குப் பின்னால் தொங்கியது. செவ்வாய்க்கிழமை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், இதயம் நின்று அங்கேயே சாய்ந்துவிட்டாள்.

குளியலறை அலமாரியில், அடித்தட்டில், பழைய சாக்லெட் டப்பா ஒன்று. உள்ளே எட்டு பாட்டில். ஏழு ரோஸ். எட்டாவது கருநீலம்.

டார்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா நெல்டா கருநீலம் பூசுகிற பெண் இல்லை. சிவப்புக்கே 'இந்த வயசுல எதுக்குடி' என்பாள். பாட்டில் முக்கால்வாசி காலி, மிச்சம் கல்லாக உறைந்திருந்தது. அதன் கீழே பஞ்சில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தாள். கட்டைவிரல் அளவு உலோகத் தகடு. நடுவில் ஓர் ஓட்டை. நீல நிறம்.

அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் ஓட்டும் கார்ட் வண்டியின் கார்புரேட்டரில் செருகுகிற தகடு. அந்த ஓட்டை வழியாகத்தான் எஞ்சின் மூச்சு விடும். எட்டு வயது வரை சிறிய ஓட்டையுள்ள சிவப்புத் தகடு. ஒன்பதில் பெரிய ஓட்டையுள்ள நீலத் தகடு. ஓட்டை பெருத்தால் வேகம் பெருகும், அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் இது இங்கே எதற்கு?

ஓரத்தில் பூச்சு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். நீலத்துக்கு அடியில் சிவப்பு தெரிந்தது.

அவள் கொட்டகைக்கு ஓடினாள். அப்பா எதையும் தூக்கிப்போடாத மனிதர். காபி டின் ஒன்றில் பழைய அளவு ஊசிகள் கிடந்தன. பந்தயம் முடிந்ததும் சோதனைக்காரர் தகட்டை வாங்கி, ஓட்டையில் இந்த ஊசியை நுழைத்துப் பார்ப்பார். ஊசி நுழைந்தால் ஓட்டை பெரிது, திருட்டு. நுழையாவிட்டால் சரி, போ என்பார். டார்சி நீலத்துக்குரிய ஊசியை வைத்தாள். நுழையவில்லை. சிவப்புக்குரிய மெல்லிய ஊசியை வைத்தாள். அதுவும் நுழையவில்லை. நீலம் பூசிய சிவப்புத் தகடுதான்.

பெரிதாக்கித் திருடுகிறவனைப் பிடிக்கத்தான் ஊசி செய்தார்கள். சிறிதாக்கி வைக்கும் ஆள் உலகத்தில் உண்டு என்று எந்தச் சோதனைக்காரருக்குத் தோன்றும்?

டார்சி அங்கே கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்தாள். ஒன்பது வயதில், நீல வகுப்பில் அவள் ஓட்டிய முதல் பந்தயத்தில், பின்னால் வந்த வண்டி அவள் மேல் ஏறிக் காறையெலும்பு முறிந்தது. ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது எஞ்சின் செத்துப்போயிருந்தது. நேர்ப்பாதையில் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். வளைவில்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் இடத்தில் அவள் எடுக்காமல் பழகினாள். அதுதான் பிறகு சோறு போட்டது. ஊர் ட்ராக், மாநில ட்ராக், பெரிய கார், இன்னும் பெரிய கார் என்று ஒவ்வொரு படியிலும் 'வளைவில் கால் எடுக்காத பெண்' என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள்.

அந்த எஞ்சினைக் கட்டித் தந்தவர் அப்பாவின் அண்ணன் ஆல்டன். அந்த வட்டாரத்தில் கார்ட் எஞ்சினுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த அப்பா, 'வெளியாளுக்கு நல்லது, தம்பி பொண்ணுக்குக் கழிசடையா' என்று அண்ணனின் வாசலில் நின்று கத்திவிட்டு வந்தார். அந்த வாரமே வேறு ஊர்க்காரரிடம் வேறு எஞ்சின் வாங்கினார். முதல் பந்தயத்திலேயே டார்சி அரை நேர்ப்பாதை வித்தியாசத்தில் ஜெயித்தாள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த சீசனில் ஆல்டனிடம் எஞ்சின் கேட்டு ஒருவரும் வரவில்லை. புல்வெட்டும் எந்திரம்தான் மிச்சம்.

அந்த வருடங்களில் அப்பாவுக்கு மரச்சாமான் ஆலையில் மாலை ஷிப்ட். வெள்ளிக்கிழமைதோறும் கார்புரேட்டரைப் பிரித்து, சமையலறைத் தொட்டியில் கழுவி, திரும்பப் பூட்டி வைத்தவள் அம்மா.

டார்சிக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. அதுதான் சுட்டது. போன வருடம் ஜெயித்த மேடையில், வளைவு வித்தையை யார் கற்றுத்தந்தது என்று மைக்கை நீட்டினார்கள். 'எங்க பெரியப்பாவோட செத்த எஞ்சின்தான் குரு' என்றாள். அரங்கமே சிரித்தது. அன்று காரில் வரும்போது அம்மா, "அந்தக் கதைய இனிமே சொல்லாதடி," என்றாள். ஏன் என்றதற்கு, "பெரியவங்கள கேலி பண்ணக் கூடாது," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சமையலறையில் அப்பா யாரோ கொண்டுவந்த பன்றி இறைச்சி வைத்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல் உட்கார்ந்திருந்தார். டார்சி தகட்டையும் ஊசிகளையும் அவர்முன் வைத்தாள்.

"எங்க கெடச்சுது?"

"அம்மாவோட நெயில் பாலிஷ் டப்பால."

அவர் ஊசியை எடுத்து வைத்துப் பார்த்தார். மெல்லியதை வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி வைத்துப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது அவர் காது சிவந்ததில் தெரிந்தது.

"நீலமா இருந்துச்சு," என்றார் கடைசியில். "ஒரு வருஷம் நீலமா இருக்கான்னுதான் பார்த்தேன். எஞ்சினைப் பிரிச்சுப் பிரிச்சு மேய்ஞ்சேன். இதை ஒரு நாள் அளந்து பார்க்கல."

"நான் அடிபட்டதுல அம்மா பயந்துட்டாங்கப்பா. நீங்க பெரியப்பாகிட்ட சண்டை போட்டதும் இன்னும் பயந்து, சரியான தகட்டை மாட்டிட்டாங்க. அதே வாரம் புது எஞ்சின். நாம புது எஞ்சினாலதான் ஓடுதுன்னு நினைச்சோம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?"

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார்.

"பெரியப்பாகிட்ட சொல்லணும்பா."

"நாளைக்கு பதினோரு மணிக்கு அவளைப் புதைக்கிறோம். அவ திருட்டுத்தனம் பண்ணினான்னு இன்னைக்கு ஊருக்குச் சொல்லச் சொல்றியா?"

"ஊருக்கு வேணாம். அவருக்கு. நான் மைக்ல வேற சொல்லிச் சிரிக்க வச்சிருக்கேன். இதை நெஞ்சுல வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை நான் எப்படிக் காருக்குள்ள ஏறுவேன்?"

அப்பா தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கொட்டகைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதை என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஆழமான ஓடை இருந்தது. ஓடுகிற தண்ணீரில் ஒரு தகடு விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது.

டார்சி ட்ரூடி அம்மாளிடம் ரோஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் காரில் திரும்பினாள். கருநீலம் அவள் கோட்டுப் பையில் இருந்தது. அம்மாவின் மேல் கோபம் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. எத்தனை தடவை பூசியிருப்பாள், எப்படிக் காயவைத்திருப்பாள், ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று கேள்விகள்தான் வந்தன. சின்ன ஓட்டை மகளை மெதுவாக்கும் என்று நினைத்தாளே, அந்த மகள் வளைவில் காலை எடுக்காமல் திரும்பியதைப் பார்த்தபோது அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? அதைத்தான் மிகவும் கேட்கத் தோன்றியது. கேட்க ஆள் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. காரை ஓரமாக நிறுத்தி, அழுது முடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை தேவாலயம் நிறைந்துவிட்டது. கடைசி பெஞ்சில், தனியாக, ஆல்டன் வந்து உட்கார்ந்தார். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். விரலிடுக்கில் எண்ணெய்க் கறுப்பு போகவில்லை. ஊர்க்காரர்கள் அவரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

போதகர் ஜெபத்தை முடித்தார். பெட்டி தூக்குகிறவர்கள் மார்பில் வெள்ளைப் பூவைக் குத்திக்கொண்டு எழுந்தார்கள். ஐந்து பேர் முன்னால் போனார்கள். ஆறாவதாக எழுந்த அப்பா எதிர்ப்பக்கம் நடந்தார். டார்சி பின்னாலேயே போனாள்.

அப்பா கடைசி பெஞ்சின் முன் நின்று, சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்து நீட்டினார்.

ஆல்டன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். சிவப்பு தெரிந்ததும் ஓட்டையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"யாரு?" என்றார்.

"நெல்டா," என்றார் அப்பா. "எனக்கு நேத்துதான் தெரியும்ணே."

"பன்னெண்டு வருஷம் ராய்ஸ்."

"ம்."

"என் பொண்டாட்டி சாவுக்குக்கூட நீ வரல. நெல்டா வந்தா. சமையல்கட்டுல நின்னு எல்லாப் பாத்திரத்தையும் கழுவினா. இவ ஏன் இந்த அழுகை அழறான்னு அன்னைக்கு எனக்கு வெளங்கல."

அப்பா தலை குனிந்துகொண்டார். டார்சி அவரைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"நானும் உங்கள மைக்ல கேலி பண்ணினேன் பெரியப்பா. தப்பு."

ஆல்டன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஓட்டையோடவா ஓடுச்சு? அந்த வருஷம் பூரா?"

"ஆமா."

"பன்னெண்டு வண்டில நாலாவது வந்தியே, காசு பரிசு வச்ச ரேஸ்ல. அப்பவும் இதுதானா?"

"அப்பவும் இதுதான். மூணு தடவை மூணாவதும் வந்தேன்."

"மூணாவது," என்றார் ஆல்டன். "மூக்கைப் பொத்திக்கிட்டு மூணாவது வந்திருக்கு, என் எஞ்சின்."

முன்னால் ஐந்து பேரும் பெட்டியருகே காத்திருந்தார்கள். ட்ரூடி அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பா தன் மார்பிலிருந்த வெள்ளைப் பூவைக் கழற்றினார். ஊசி அவர் கைக்கு அடங்கவில்லை. டார்சி வாங்கிப் பெரியப்பாவின் கோட்டில் குத்தினாள்.

"இடது முன்னால உங்க எடம்ணே," என்றார் அப்பா.

ஆல்டன் உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

தேவாலய வாசலில் ஒன்பது படிகள். பெட்டி இறங்குவதை டார்சி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பின் மூலை ஒருமுறை லேசாக ஆடியது. இடது முன் கடைசிப் படிவரை தாழவே இல்லை.