இத்தாவில் தவறிய தவணைகள்

பல்லேபொலத் தோட்டத்துக்காகத்தான் நான் மாத்தளை நீதிமன்றத்துக்கு வருகிறேன் என்று என் லோயர் நினைத்திருந்தார். நினைக்கட்டும். உம்மா விட்டுப்போன மிளகுக் கொடியும் சாதிக்காய் மரமும் யாருக்கு வேண்டும்? கோபத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டதுதான். அன்றிலிருந்து என் அண்ணன் கலந்தர் நானா என்னோடு பேசவில்லை. எதிர்ப்பக்க வாங்கில் உட்கார்ந்திருப்பவர் ஒருதரம் "ஹவ்வா" என்று கூப்பிட்டால் போதும் எனக்கு.

என் கணவரின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்த நானா ஒரு வார்த்தை பேசாமல் போனார். பிறகு நான் இத்தாவில் இருந்தேன்; கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் அந்த நாலு மாதம் பத்து நாளும் வாசல் தாண்டவில்லை. கூடப்பிறந்தவர் வந்து பார்க்க எந்தத் தடையும் இல்லை. ஆட்டோச் சத்தம் கேட்டபோதெல்லாம் கதவைப் பார்த்தேன். அவர் வரவேயில்லை.

அந்த மாதங்களில் வழக்குக்கு நான் போகவேண்டிய தவணை நாட்களும் தவறிப்போயின. அந்தத் தாமதத்துக்காக வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி இன்று நானாவின் லோயர் எழுந்து நின்றார்.

"தாமதம் எவ்வளவு, காரணம் என்ன, அதனால எதிராளிக்கு என்ன நட்டம்னு பார்க்கணும்," என்றார் நீதிபதி.

லோயர் வாயைத் திறப்பதற்குள் நானா எழுந்துவிட்டார். "எனக்கு ஒரு நட்டமும் இல்ல சேர். தங்கச்சி இத்தாவில இருந்தா. அந்த நேரம் பொம்புளைங்க வெளிய வரமாட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா வரல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

நானா நீதிபதியைப் பார்த்தே சொன்னார்: "கேஸ் முடியிற வரைக்கும் எதிர்ப்பக்கத்தோட பேசவேணாம்னு லோயர் சொன்னாரு. கேட் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனேன் சேர்."

வழக்கைப் பற்றிப் பேசாதே என்றால் வாயையே தைத்துக்கொள்கிற மனுசனை என்ன செய்வது?

காரணம் நியாயமானது, நட்டமும் இல்லை, வழக்கு தொடரும் என்றார் நீதிபதி. என் லோயருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் நானாவைப் பார்த்தேன். வழக்கு தொடர்ந்தால் இன்னும் எத்தனை வருஷம் அந்த முகத்தைத் தூரத்திலிருந்தே பார்ப்பது?

"வேணாம் சேர். நான் வாபஸ் வாங்குறேன்."

"தோட்டம்?" என்று என் லோயர் காதுக்குள் சீறினார்.

"அவரே வெச்சிக்கட்டும்."

நீதிபதி மறுபடியும் கேட்டு, நிச்சயம் செய்துகொண்டு, எழுதினார். நானா தன் லோயர் பக்கம் குனிந்து, "கேஸ் முடிஞ்சிச்சா?" என்று கேட்டார். அவர் தலையாட்டிய பிறகுதான் வாங்கைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஹவ்வா, மச்சானுக்குக் கடைசியில ரொம்ப நோவா இருந்திச்சா?"