முகம் வாங்கியவள்

பழைய ஓவியங்கள் விற்கும் அந்தக் கடையில் அவள் இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். மலை, ஓடை, பழக்கூடை, குதிரை என்று கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தூசி தட்டிக் காட்டினார். புது வீட்டுக் கூடத்துக்கு எது என்றாலும் பொருந்தும்தான். ஆனால் எதிலும் அவள் கண் நிற்கவில்லை. கடைசியில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த ஒரு படத்தைத் தானே இழுத்துப் பார்த்தாள். கழுத்துவரை மூடிய பச்சை உடையில் ஓர் இளம்பெண். மடிமேல் கைகள். இடது சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"முகம் வாங்குறவங்க கம்மிம்மா. முன்னபின்ன தெரியாத ஆளை யாரு வீட்டுல மாட்டுவாங்க?" என்றார் கடைக்காரர்.

அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பெற்றவர்கள் யாரென்றே தெரியாமல் விடுதியில் வளர்ந்தவள் அவள். கணவனுக்கு மட்டும் அது தெரியும். அவன் வீட்டாரிடம், சிறுவயதிலேயே அம்மா அப்பா தவறிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, நல்ல கணவன், சொந்த வீடு எல்லாம் அமைந்தும், சுவரில் மாட்டத் தன் பக்கத்து முகம் ஒன்றுகூட இல்லை.

கூடத்தில் மாட்டிய படத்தைப் பார்த்ததும், வீடு பார்க்க வந்த நாத்தனார் கேட்டாள்: "யாரும்மா இது?"

"எங்க அம்மாவைப் பெத்தவங்க, அண்ணி." வாய் முந்திக்கொண்டது.

"அதானே பார்த்தேன். மூக்கு அப்படியே உனக்கு வந்திருக்கு."

"விடு, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான் கணவன் பிறகு.

ஒரு வாரம் கழித்து ஜன்னல் திரைக்கு அளவெடுக்கத் தையல்காரி வந்தாள். ஐம்பதைத் தாண்டிய, அதிகம் பேசாதவள். நாடாவைப் பிடித்தபடி திரும்பியவள் படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங்கம்மா," என்றாள். "வீடு மாறினப்போ தொலைஞ்சுபோச்சு. எங்கே கெடைச்சுது உங்களுக்கு?"

அன்றும் வந்திருந்த நாத்தனார் சோபாவிலிருந்து நிமிர்ந்தாள். "என்னம்மா சொல்றே? அது இவளோட பாட்டி."

தையல்காரி அவளைப் பார்த்தாள். நாடாவைப் பிடித்திருந்த கையில் இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. வீட்டுக்காரியும் அந்த விரலைப் பார்த்தாள். பார்த்த பிறகும், "ஆமா, எங்க பாட்டிதான்," என்றாள்.

தையல்காரி அடுத்த ஜன்னலுக்குப் போனாள். மிச்ச ஜன்னல்களையும் அளந்தாள். ஒரே ஜன்னலை மூன்று முறை அளந்தாள்.

அன்றிலிருந்து படத்தை வாங்கியவளுக்குச் சோறு இறங்கவில்லை. கூடத்தைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். நான்காம் நாள் படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறித் தையல்காரியின் வீட்டுக்குப் போனாள்.

"மன்னிச்சிடுங்க. நான் சொன்னது பொய். கடையில வாங்கினது."

தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

"நான் அதை நம்பிட்டேன்," என்றாள். "நெசம் இல்லாமலா ஒருத்தி மூஞ்சிக்கு நேரா சொல்லுவான்னு நெனச்சேன். அப்போ உங்கம்மா, எங்கம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்தவளா இருந்திருக்கணும். கேக்க அம்மாவும் உசிரோட இல்லை, அப்பாகிட்டே போய்க் கேட்டுட்டேன். எம்பது வயசு மனுஷன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். ரெண்டு நாளா பச்சைத் தண்ணி குடிக்கலை."

அவள் மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள்.

"என்கிட்டே சொல்லி என்ன? உள்ளே வந்து அவர்கிட்டே சொல்லுங்க."

உள்ளறையில் கிழவர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, விடுதி முதல் கடை வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். கணவனைத் தவிர வேறு யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. சொல்லி முடித்து, படத்தைச் சுற்றியிருந்த போர்வையை விலக்கினாள்.

கிழவர் மெல்லத் திரும்பினார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார்.

"இப்போ சொல்றது நெசமா," என்று கேட்டார், "இல்லே, என் பொண்ணு இப்படிச் சொல்லச் சொன்னாளா?"

"சத்தியமா நெசம், ஐயா."

அவர் தலையசைத்தார். மகள் நீட்டிய கஞ்சியை இரண்டு வாய் குடித்தார். ஆனால் படத்தின் பக்கம் மறுபடி திரும்பவில்லை.

வாசல்வரை வந்த தையல்காரி, "திரைக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் வெறும் ஆணியைக் காட்டி, "பாட்டி எங்கே?" என்று கேட்டாள்.

"எனக்குப் பாட்டி கெடையாது அண்ணி," என்று அவள் தொடங்கினாள். நாத்தனார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிப் போனாள்.